கர்ப்பகால ரத்தக் கொதிப்பு: காரணம் தேடிய கதை

நம் சங்கத்தின் மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். கல்லூரியின் வரலாற்றை எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். எனவே நான் ஒரு நோயின் வரலாற்றை எடுத்துக்கொண்டேன். மகப்பேறு வார்டில் கால் வைத்த ஒவ்வொருவரும், பழைய மாணவர்களானாலும் இன்றைய மாணவர்களானாலும், பயத்தோடு பார்த்த நோய் இது. மருத்துவம் படிக்காத குடும்பத்தாரும் இம்மலரைப் புரட்டுவார்கள் என்பதால் முடிந்தவரை எளிமையாகவே சொல்கிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நோய் இதுதான். அதுவரை ரத்த அழுத்தம் சரியாக இருந்த ஒரு பெண்ணுக்குக் கர்ப்பத்தின் 20 வாரத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் ஏறுகிறது. சிறுநீரில் புரதம் இறங்குகிறது. சிலருக்குப் புரதம் இறங்காமலேயே கல்லீரல், சிறுநீரகம், ரத்தத் தட்டணுக்கள், மூளை என்று ஏதாவது ஒன்று பாதிக்கப்படும். முகமும் கைகளும் வீங்கலாம். தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்றில் வலி வரலாம். இதற்குப் பெயர் பிரீ-எக்லாம்ப்சியா. வலிப்பும் வந்துவிட்டால் அது எக்லாம்ப்சியா. 100 கர்ப்பங்களில் 2 முதல் 8 வரை இந்த நோயைக் காண்கிறோம். கர்ப்பத்தாலும் பிரசவத்தாலும் உலகில் உயிரிழக்கும் தாய்மார்களில் ஏறத்தாழ ஏழில் ஒருவரைக் கொண்டுபோவது கர்ப்பகால ரத்த அழுத்த நோய்கள்தான்.

இந்தக் கதை முழுவதும் ஓர் உறுப்பைச் சுற்றியே நடக்கிறது. புத்தகத்தில் அது பிளசென்டா. நம்ம ஊரில் அதை நஞ்சு, நஞ்சுக்கொடி என்பார்கள். பிள்ளை பிறந்த பிறகு அது உள்ளே தங்கிவிட்டால் தாயின் உயிருக்கே ஆபத்து என்பது அந்தக் கால மருத்துவச்சிகள் எல்லோருக்கும் தெரியும். மேலைநாட்டு மருத்துவர்களும் இதே உறுப்பில் ஒரு நஞ்சைத்தான் நூறு வருஷம் தேடினார்கள். நம் முன்னோர் எல்லாவற்றையும் அறிந்திருந்தார்கள் என்று பெருமை பேச நான் வரவில்லை. பெயர்ப் பொருத்தம், அவ்வளவுதான். ஆனாலும் தேடியவர்களுக்குக் கடைசியில் கிடைத்தது என்ன என்பதைப் படிக்கும்போது அந்தப் பெயர் ஞாபகத்துக்கு வராமல் இருக்காது.

மின்னல் போல வந்த வலிப்பு

எக்லாம்ப்சியா என்பது கிரேக்கச் சொல். மின்னுதல், பளிச்சிடுதல் என்று பொருள். நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பெண்ணுக்கு மின்னல் வெட்டியது போலத் திடீரென வலிப்பு வருவதால் அந்தப் பெயர் நிலைத்தது. நம் பக்கத்தில் இதையும் சன்னி என்றே சொல்லி, பேய் பிடித்தது, காத்து கருப்பு அடித்தது என்று மந்திரிக்கக் கூட்டிப்போன குடும்பங்கள் உண்டு. வெளியில் எந்த அடையாளமும் இல்லாமல் வருகிற நோய்க்கு மனிதன் வேறு என்ன காரணம் சொல்லுவான்?

1668-இல் பிரெஞ்சு மகப்பேறு மருத்துவர் பிரான்சுவா மொரிசோ ஒரு பெரிய நூல் எழுதினார். முதல் பிரசவக்காரிகளுக்கே இந்த வலிப்பு அதிகம் வருகிறது என்று அவர் கவனித்திருந்தார். உடம்பில் ரத்தம் மிகுந்துபோவதே காரணம் என்பது அவர் கணிப்பு. ஆகவே ரத்தத்தைக் கீறி வெளியேற்றுவதே வைத்தியம். வைத்தியம் தவறு, ஆனால் கவனிப்பு சரி. முதல் கர்ப்பத்தில் ஏன் அதிகம் என்ற அந்தக் கேள்வியை வாசகர்கள் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அது தேவைப்படும்.

1739-இல் இன்னொரு பிரெஞ்சுக்காரர், புவாசியே த சோவாஜ், இந்த வலிப்பையும் காக்காய் வலிப்பையும் பிரித்துக் காட்டினார். காக்காய் வலிப்பு மறுபடி மறுபடி வருகிற நாட்பட்ட நோய். இது கர்ப்பத்தோடு வந்து, கர்ப்பம் முடிந்ததும் போய்விடுகிறது. அப்படியானால் காரணம் கர்ப்பத்தில்தான் இருக்க வேண்டும். தேடல் சரியான வீட்டு வாசலுக்கு வந்தது இப்போதுதான்.

சிறுநீரும் ரப்பர் பட்டையும்

லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஜான் லீவர் என்ற மருத்துவர் 1843-இல் ஒரு சாதாரண வேலை செய்தார். வலிப்பு வந்த பெண்களின் சிறுநீரைச் சூடாக்கிப் பார்த்தார். முட்டை வெள்ளைக்கரு போல அது திரிந்தது. வலிப்பு வராத மற்ற கர்ப்பிணிகளின் சிறுநீரையும் அதே போலச் சோதித்து ஒப்பிட்டார். புரதம் இறங்குவதற்கும் வலிப்புக்கும் தொடர்பு உண்டு என்பதும், பிரசவத்துக்குப் பிறகு அது மறைந்துவிடுகிறது என்பதும் தெரிந்தன. அதே மருத்துவமனையில்தான் ரிச்சர்ட் பிரைட் சிறுநீரக நோய்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். லீவருக்கு அந்த யோசனை வந்ததில் ஆச்சரியமில்லை. அதே 1843-இல் எடின்பரோவில் ஜேம்ஸ் சிம்ப்சனும் இதையே தனியாகக் கண்டார்.

ரத்த அழுத்தத்தை அளக்க இன்னும் ஐம்பது வருஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1896-இல் இத்தாலியரான ரீவா-ரோச்சி கையில் கட்டும் ரப்பர் பட்டையும் பாதரச மானியும் கொண்ட கருவியைச் செய்தார். மறுவருஷமே, 1897-இல், பாரிஸில் வாக்கே, நோபெகூர் என்ற இருவர் எக்லாம்ப்சியா நோயாளிகளுக்கு அழுத்தம் ஏறியிருப்பதை எழுதிவிட்டார்கள். 1905-இல் ரஷ்யரான கொரட்காவ், ஸ்டெதஸ்கோப்பை வைத்துச் சத்தம் கேட்டு அளக்கும் முறையைச் சொன்னார். இன்றும் முதலாண்டு மாணவன் உடலியல் ஆய்வகத்தில் பக்கத்து பெஞ்சு நண்பன் கையில் பழகுவது அதைத்தான்.

மின்னலுக்கு முன்னால் மேகம் கூடுவதை இனிப் பார்க்கலாம் என்ற நிலை வந்தது. வலிப்பு வருவதற்கு வாரக்கணக்கில் முன்பே அழுத்தமும் புரதமும் எச்சரிக்கை தந்தன. கர்ப்பிணி நோயாளி அல்ல, ஆனாலும் தவணை தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்ற பழக்கம் இதிலிருந்துதான் வளர்ந்தது. 1929-இல் பிரிட்டிஷ் சுகாதார அமைச்சகம் இதற்கு ஒரு கால அட்டவணையே போட்டது. ஆரம்பத்தில் சில தடவை, பிறகு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, 36 வாரத்துக்குப் பிறகு வாரம் ஒரு முறை. நம் நாட்டுக் கர்ப்பிணிகள் நோட்டுப் புத்தகத்தோடு வரிசையில் நிற்கிற வழக்கத்துக்கு மூலம் அதுதான். வரவர நெருக்கமாகப் பார்க்க வேண்டியதற்கு முக்கியமான காரணம் இந்த நோயே.

நோயின் காரணம் என்ன என்று அப்போது யாருக்கும் தெரியாது. காரணம் தெரியாமலேயே உயிர்களைக் காப்பாற்ற ஆரம்பித்துவிட்டார்கள் என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

கொள்கைகளின் நோய்

காரணம் தேடியவர்களோ ஆளுக்கு ஒரு திசையில் ஓடினார்கள். தாயின் ரத்தத்தில் ஏதோ நச்சு கலக்கிறது என்று நம்பி நோய்க்கு டாக்ஸீமியா, அதாவது நச்சு ரத்தம், என்று பெயரிட்டார்கள். நாங்கள் படித்த காலத்துப் புத்தகங்களிலும் அந்தப் பெயர்தான் இருந்தது. நச்சு எங்கிருந்து வருகிறது? குடலிலிருந்து என்றார்கள், சிறுநீரகத்திலிருந்து என்றார்கள், குழந்தையிடமிருந்து என்றார்கள். ஜெர்மன் மருத்துவர் ஸ்வைஃபல் 1916-இல் அலுத்துப்போய் இதைக் "கொள்கைகளின் நோய்" என்றே அழைத்தார். 1983-இல்கூட ஒரு புகழ்பெற்ற அமெரிக்க இதழில், நோயாளிகளின் ரத்தத்தில் புழு ஒன்றைக் கண்டுவிட்டோம் என்று கட்டுரை வந்தது. கடைசியில் அது புழுவே இல்லை, கண்ணாடித் தகட்டில் சாயம் ஏற்றும்போது வந்த கோளாறு என்று முடிந்தது.

சிகாகோவின் பிரசவ மருத்துவமனைக் கட்டடத்தில் மகப்பேறு மருத்துவத்தின் முன்னோடிகளுக்குப் பெயர் பொறித்த கேடயங்கள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் பெயர் பொறிக்காமல் வெறுமையாக விட்டிருந்தார்கள். எக்லாம்ப்சியாவின் காரணத்தைக் கண்டுபிடிப்பவருக்கு என்று ஒதுக்கிய இடம் அது.

இந்தக் குழப்பத்தில் ஒரு நல்ல துப்பைப் பிடித்தவர் அமெரிக்கரான எர்னஸ்ட் பேஜ். முத்துப்பிள்ளைக் கர்ப்பம் என்று ஒன்று உண்டு. கருப்பையில் குழந்தையே இருக்காது, நஞ்சுக்கொடித் திசு மட்டும் திராட்சைக் கொத்து போல வளரும். அந்தப் பெண்களுக்கும் பிரீ-எக்லாம்ப்சியா வருகிறது. அப்படின்னா குழந்தை குற்றவாளி இல்லை, நஞ்சுக்கொடிதான். 1939-இல் பேஜ் இதை எடுத்துச் சொல்லி, நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போதாமல் போவதே நோயின் தொடக்கம் என்று வாதிட்டார். நஞ்சுக்கொடி வெளியே வந்தால்தான் நோய் தீரும் என்பது பிரசவ அறையில் எல்லோரும் கண்ட உண்மை. அதோடு இது பொருந்தியது.

எழும்பூரும் பேதி உப்பும்

காரணம் தேடுகிறவர்கள் தேடட்டும், கட்டிலில் வலிப்போடு கிடக்கிற பெண்ணுக்கு என்ன செய்வது? ரஷ்யாவில் ஸ்ட்ரோகனாவ் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவில் மார்ஃபின், குளோரல் கொடுத்து, இருட்டறையில் சத்தமில்லாமல் படுக்கவைக்கும் முறையைப் புகுத்தினார். அவசரப்பட்டு அறுத்து எடுத்த காலத்தில், பொறுமையாகப் பார்த்துக்கொண்டதே பல உயிர்களைக் காத்தது.

நம் மண்ணுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னையில் 1844-இல் தொடங்கிய பிரசவ மருத்துவமனைதான் பிறகு எழும்பூர் மருத்துவமனை ஆனது. அதன் முதல் இந்தியக் கண்காணிப்பாளர் டாக்டர் ஆ. லட்சுமணசாமி முதலியார். அவரும் டாக்டர் எம்.கே. கிருஷ்ண மேனனும் எழுதிய மகப்பேறு நூல் 1938-இல் முதலில் வந்தது. "முதலியார்-மேனன்" என்று சொன்னால் தெரியாத பழைய மாணவர் யாராவது இருக்கிறாரா? அந்த மேனன்தான் எக்லாம்ப்சியாவுக்குக் குளோர்ப்ரோமசின், ப்ரோமெத்தசின், பெத்திடின் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் "லிட்டிக் காக்டெயில்" முறையை எழும்பூரில் கையாண்டு, 1961-இல் பிரிட்டிஷ் இதழில் வெளியிட்டார். இந்தியப் பிரசவ அறைகளில் அது பல ஆண்டுகள் கோலோச்சியது.

இன்று அந்த இடத்தில் மக்னீசியம் சல்ஃபேட் இருக்கிறது. கடையில் பேதி உப்பு என்று கேட்டால் கொடுப்பார்களே, அதேதான். ஊசி மருந்தாக்கும் அளவுக்குச் சுத்தப்படுத்தியது என்பது மட்டும் வித்தியாசம். 1906-இல் ஜெர்மனியில் ஹார்ன் முதலில் முயன்றார். 1920-களில் அமெரிக்காவில் லசார்ட் நரம்பிலும் டார்செட் தசையிலும் செலுத்திப் பார்த்தார்கள். டல்லஸ் நகரில் பிரிட்சார்ட் 1955 முதல் அளவுகளை ஒழுங்குபடுத்தினார். முழங்காலைத் தட்டி அனிச்சை இருக்கிறதா, மூச்சு சரியாக இருக்கிறதா, சிறுநீர் போகிறதா என்று பார்த்துப் பார்த்து அடுத்த ஊசி போடுகிற வழக்கம் வார்டில் வேலை பார்த்த எல்லோருக்கும் மனப்பாடம்.

ஆனாலும் பிரிட்டனில் டயசிபாமும் ஃபெனிட்டாயினும்தான் பலருக்குப் பிடித்தமாக இருந்தன. எது சிறந்தது என்ற சண்டை 1995-இல் தீர்ந்தது. இந்தியா உட்பட வளரும் நாடுகளில் 1,687 எக்லாம்ப்சியா நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், மறுபடி வலிப்பு வருவதை டயசிபாமைவிட 52 சதவிகிதமும் ஃபெனிட்டாயினைவிட 67 சதவிகிதமும் மக்னீசியம் குறைத்தது. 2002-இல் 33 நாடுகளில் 10,141 பெண்களிடம் நடந்த மேக்பை ஆய்வு, வலிப்பு வருவதற்கு முன்பே கொடுத்தால் ஆபத்து பாதிக்கும் கீழே இறங்குகிறது என்று காட்டியது. மலிவான மருந்து. பணக்கார நாட்டு மருத்துவர்களும் அதை ஏற்றுக்கொள்ள வைத்தது ஏழை நாட்டு வார்டுகளில் கிடைத்த சான்று.

ரத்தக் குழாயின் பக்கம்

இனி காரணத்துக்கு வருவோம். கருப்பைச் சுவரில் சுருள் சுருளாகச் சின்னச் சின்ன தமனிகள் இருக்கின்றன. அவைதான் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் கொண்டுவரும் கால்வாய்கள். நிறைமாதத்தில் கருப்பைக்கு நிமிடத்துக்கு 600, 700 மில்லி ரத்தம் போக வேண்டும். தலைமுடி போன்ற குழாய்கள் அதை எப்படித் தாங்கும்?

இதைப் பார்க்க வேண்டுமானால் நஞ்சுக்கொடி ஒட்டியிருந்த இடத்திலிருந்தே திசு எடுக்க வேண்டும். மகப்பேறு மருத்துவர் டிக்சனும் நோய்க்குறியியலார் ராபர்ட்சனும் ஜமைக்காவில் வேலை செய்தபோது அதைச் செய்து, 1958-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பிறகு பெல்ஜியத்தைச் சேர்ந்த ஈவோ பிரோசன்ஸ் அவர்களோடு சேர்ந்தார். 1967-இலும் 1972-இலும் இந்த மூவரும் எழுதிய கட்டுரைகள்தான் இன்றைய அறிவுக்கு அடித்தளம்.

அவர்கள் கண்டது இது. சாதாரணக் கர்ப்பத்தில் நஞ்சுக்கொடியின் செல்கள் தாயின் கருப்பைச் சுவருக்குள் புகுந்து போகின்றன. தமனிகளின் தசைச் சுவரைக் கரைத்துவிட்டு அந்த இடத்தில் தாங்களே உட்கார்ந்துகொள்கின்றன. சுருங்கி விரியும் குறுகிய குழாய் புனல் போல அகன்றுபோகிறது. இனி தாய் பயந்தாலும் குளிர்ந்தாலும் அந்தக் குழாய் சுருங்காது, பிள்ளைக்குப் போகிற ரத்தம் தடைபடாது. பிரீ-எக்லாம்ப்சியாவில் இந்த வேலை அரைகுறையாக நிற்கிறது. செல்கள் மேலோட்டமாகப் புகுந்து நின்றுவிடுகின்றன. ஆழத்தில் தமனி பழையபடி ஒடுங்கியே கிடக்கிறது. கடைமடைக்குத் தண்ணீர் வராத வாய்க்கால் போல என்று சொல்லலாம்.

2009-இல் கேம்பிரிட்ஜில் கிரகாம் பர்ட்டன் குழுவினர் இன்னொரு கோணத்தைச் சேர்த்தார்கள். புனல் வாய் அகலும்போது ரத்தத்தின் வேகம் நொடிக்கு ஒன்றிரண்டு மீட்டரிலிருந்து சுமார் 10 சென்டிமீட்டராகக் குறைந்துவிடுகிறது என்று கணக்கிட்டார்கள். வாய் அகலாவிட்டால் குழாயின் நுனியை விரலால் அழுத்தியது போல ரத்தம் பீய்ச்சி அடித்து நஞ்சுக்கொடியின் மெல்லிய இழைகளைச் சிதைக்கும். ரத்தம் விட்டு விட்டு வருவதால் திசு வெந்து நோகிறது. அளவு குறைவது மட்டும் பிரச்சினை இல்லை, வந்து சேருகிற விதமும் பிரச்சினை.

எதிர்ப்புச் சக்தியின் பக்கம்

சரி, அந்தச் செல்கள் ஏன் பாதியில் நின்றன? இங்கேதான் எதிர்ப்புச் சக்தி வருகிறது. 1953-இல் பீட்டர் மெடவார் ஒரு கேள்வி கேட்டார். குழந்தையின் பாதி தகப்பனுடையது. அதாவது தாயின் உடம்புக்கு அது பாதி அந்நியம். ஒருவர் தோலை இன்னொருவருக்கு ஒட்டினால் சில நாட்களில் உடம்பு அதை நிராகரித்துவிடுகிறது. பிள்ளையை மட்டும் பத்து மாதம் எப்படி வைத்துக்கொள்கிறது? 1960-இல் நோபல் பரிசு பெற்ற அந்த மனிதர் எழுப்பிய கேள்வி இன்றும் முழுதாகத் தீரவில்லை.

மொரிசோவின் கவனிப்பை இப்போது நினைத்துப் பாருங்கள். முதல் கர்ப்பத்தில் அதிகம், அடுத்ததில் குறைவு. ஒரு தடவை பழகிய பிறகு உடம்பு ஏற்றுக்கொள்கிறது என்பது போலத் தெரிகிறது. 1980-இல் ஃபீனி, ஸ்காட் என்ற இருவர், மறுமணம் செய்துகொண்ட பெண்களுக்கு இரண்டாவது மூன்றாவது கர்ப்பத்திலும் நோய் வருவதைக் காட்டினார்கள். 1994-இல் குவாதலூப் தீவில் ரோபியார் குழுவினர், தம்பதியர் கூடி வாழ்ந்த காலம் குறைவாக இருந்து உடனே கருத்தரித்தவர்களுக்கு அழுத்தம் அதிகம் ஏறுவதாகக் கண்டார்கள். தகப்பனின் அடையாளத்தோடு தாயின் எதிர்ப்புச் சக்தி முன்கூட்டியே பழகிக்கொள்கிறது என்பது அதன் விளக்கம்.

கதை இவ்வளவு சுலபமாக முடிந்துவிடவில்லை. 2002-இல் நார்வே நாட்டுப் பிறப்புப் பதிவேட்டை ஆராய்ந்தவர்கள், துணை மாறியதைவிட இரண்டு பிரசவங்களுக்கு இடையிலான காலமே முக்கியம் என்றார்கள். பத்து வருஷ இடைவெளி விழுந்தால் இரண்டாவது பிரசவக்காரியின் ஆபத்தும் முதல் பிரசவக்காரியின் ஆபத்தும் ஏறத்தாழ ஒன்றாகிவிடுகிறது. இன்றுவரை இரு தரப்பும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

செல் அளவில் கிடைத்த சான்று இன்னும் சுவையானது. கர்ப்பத்தின் ஆரம்பத்தில் கருப்பை உட்சுவரில் இருக்கும் வெள்ளை அணுக்களில் ஏறத்தாழ 70 சதவிகிதம் ஒரே வகை. ஆங்கிலத்தில் அவற்றின் பெயர் "நேச்சுரல் கில்லர்", பிறவிக் கொலையாளி. பெயர்தான் அப்படி. கருப்பையில் அவை கொல்வதில்லை. நஞ்சுக்கொடிச் செல்களை அடையாளம் பார்த்து, எவ்வளவு ஆழம் உள்ளே வரலாம் என்று வழிவிடுகிற எல்லைக் காவலர் வேலைதான் செய்கின்றன. அடையாள அட்டை எச்.எல்.ஏ.-சி என்ற புரதம், அதில் பாதி தகப்பன் கொடுத்தது. அட்டையைப் படிக்கும் கண் கிர் என்ற தாயின் ஏற்பி. கேம்பிரிட்ஜில் ஆஷ்லி மொஃபட் குழுவினர் 2004-இல், தாயின் கிர் ஒரு வகையாகவும் பிள்ளையின் எச்.எல்.ஏ.-சி இன்னொரு வகையாகவும் அமையும் சேர்க்கையில் பிரீ-எக்லாம்ப்சியா அதிகம் என்று காட்டினார்கள். அந்தச் சேர்க்கையில் காவலர் அளவுக்கு மீறி அடங்கிப்போகிறார். உதவ வேண்டியவர் உதவாததால் செல்கள் உள்ளே போகவில்லை. ஆப்பிரிக்கப் பெண்களிடம் இதற்கு எதிரான ஒரு பாதுகாப்பு மரபணுப் பகுதி இருப்பதை உகாண்டாவின் அனெட்டி நகிமுலி மொஃபட்டோடு சேர்ந்து 2015-இல் கண்டார்.

தாயின் உடம்பு பிள்ளையைத் தாக்குகிறது என்று பொதுவாகச் சொல்வார்கள். இந்தச் சான்றைப் பார்த்தால், போதிய அளவு கைகொடுக்கவில்லை என்று சொல்வதே சரி.

இரண்டு பக்கமும் சேருமிடம்

நஞ்சுக்கொடி கருப்பையில் இருக்கிறது. தலைவலியும் கண் மங்கலும் சிறுநீர்ப் புரதமும் எங்கோ இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவில் பாலம் என்ன? 1973-இல் டல்லஸில் நார்மன் கான்ட் ஒரு துப்புக் கொடுத்தார். சாதாரணக் கர்ப்பிணியின் ரத்தக் குழாய்கள் ஆஞ்சியோடென்சின் என்ற அழுத்தம் ஏற்றும் பொருளுக்கு மசிவதில்லை. பின்னால் நோய் வரப்போகிற பெண்களிடம் அந்த எதிர்ப்பு, அழுத்தம் ஏறுவதற்குப் பல வாரங்கள் முன்பே போய்விடுகிறது. 1999-இல் பெர்லினில் வாலுகாட் குழுவினர், நோயாளிகளின் ரத்தத்தில் அதே ஆஞ்சியோடென்சின் ஏற்பியைத் தூண்டிவிடும் எதிரணுக்களைக் கண்டார்கள். எதிர்ப்புச் சக்தி நேராகவே ரத்தக் குழாயைப் பிடித்து முறுக்குகிறது.

1989-இல் ஜேம்ஸ் ராபர்ட்ஸ் குழுவினர், இது ரத்தக் குழாய்களின் உள்தோல் நோய் என்று எழுதினார்கள். உடம்பு முழுக்க ஓடும் அந்த மெல்லிய உள்தோல் கெட்டால் அழுத்தம் ஏறும், சிறுநீரகத்தில் புரதம் ஒழுகும், திசுக்களில் நீர் கசியும், மூளை வீங்கும். சிதறிக் கிடந்த அறிகுறிகள் எல்லாம் ஒரு கூரைக்குக் கீழ் வந்தன. ஆக்ஸ்ஃபோர்டின் கிறிஸ் ரெட்மன் இதை இரண்டு கட்டமாகப் பிரித்தார். முதல் கட்டம் நஞ்சுக்கொடி சரியாக வேர் பிடிக்காதது, யார் கண்ணுக்கும் தெரியாது. இரண்டாவது கட்டம் தாயின் உடம்பு எதிரொலிப்பது, அதைத்தான் நாம் நோய் என்கிறோம்.

உள்தோலைக் கெடுப்பது எது? அந்த விடைக்கு ஒரு இந்தியப் பெயர் உண்டு. நம் நாட்டில் மருத்துவம் படித்து அமெரிக்கா சென்ற சிறுநீரக மருத்துவர் அனந்த் கருமாஞ்சி பாஸ்டனில் நோயுற்ற நஞ்சுக்கொடிகளையும் நல்ல நஞ்சுக்கொடிகளையும் ஒப்பிட்டார். நோயுற்றவற்றில் எஸ்.எஃப்.எல்.டி.-1 என்ற புரதம் மிகுதியாக உற்பத்தியாகியிருந்தது. ரத்தக் குழாய் உள்தோலுக்கு உரம் போல வேலை செய்யும் வளர்ச்சிப் புரதங்கள் சில தாயின் ரத்தத்தில் ஓடுகின்றன. இந்தப் புரதம் அவற்றைத் தூண்டில் போலப் பிடித்துவைத்துக்கொள்கிறது. உரமில்லாத உள்தோல் வாடுகிறது. அதை எலிகளுக்குக் கொடுத்தபோது அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் இறங்கியது, சிறுநீரகத்தில் இந்த நோய்க்கே உரிய மாற்றம் வந்தது. கர்ப்பமே இல்லாத எலிகளுக்கும் வந்தது! ஷெரோன் மேனார்ட் முதல் ஆசிரியராக 2003-இல் அக்கட்டுரை வெளியாயிற்று. அதே வளர்ச்சிப் புரதத்தைத் தடுக்கும் புற்றுநோய் மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களுக்கும் அழுத்தம் ஏறிப் புரதம் இறங்குவது இதற்கு ஒத்துப்போனது. இந்தப் புரதத்தின் மரபணு 13-ஆவது குரோமோசோமில் இருக்கிறது. பிள்ளைக்கு அந்தக் குரோமோசோம் மூன்றாக இருக்கும் கர்ப்பங்களில் நோய் அதிகம் வருவதும் பொருந்தியது.

நூறு வருஷம் தேடிய நஞ்சு என்று இதைச் சொல்லலாமா? கொஞ்சம் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். இந்தப் புரதம் எல்லாக் கர்ப்பிணிகளிடமும் இருக்கிறது, அளவு மீறும்போதுதான் கேடு. அளவு மீறினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது போல. சிகாகோவின் அந்த வெற்றுக் கேடயத்தில் ஒரு பெயரைப் பொறிக்க முடியாது என்பதும் இப்போது விளங்குகிறது. பேஜ், பிரோசன்ஸ், மெடவார், மொஃபட், ரெட்மன், கருமாஞ்சி என்று ஒவ்வொருவரும் சங்கிலியில் ஒரு கண்ணியைத் தந்திருக்கிறார்கள். தாய்க்கு முன்பே சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, லூபஸ் போன்ற நோய்கள் இருந்தால் சிறு குறையும் பெரிதாகிவிடுகிறது என்பதால், சங்கிலி எல்லோரிடமும் ஒரே இடத்தில் தொடங்குவதும் இல்லை.

அறிந்ததால் கிடைத்தது

இவ்வளவு அறிந்து என்ன பயன் என்று கேட்டால், இரண்டு சொல்லலாம். முதலாவது ஆஸ்பிரின். சிறு அளவு ஆஸ்பிரின் இந்த நோயைத் தடுக்கும் என்ற யோசனை 1979-இலேயே வந்தது. 1994-இல் 9,364 பெண்களிடம் நடந்த கிளாஸ்ப் ஆய்வு ஏமாற்றம் தந்தது. சுருள் தமனிகள் அகலும் வேலை கர்ப்பத்தின் முதல் பாதியிலேயே முடிந்துவிடுகிறது, பலருக்கு மருந்து காலம் கடந்து போயிருந்தது. 2017-இல் ஆஸ்ப்ரே ஆய்வில் ஆபத்து அதிகமுள்ள 1,776 பெண்களைத் தேர்ந்து, 11 முதல் 14 வாரத்துக்குள் தொடங்கி இரவில் 150 மில்லிகிராம் கொடுத்தார்கள். 37 வாரத்துக்கு முன் வரும் கடுமையான வகை 4.3 சதவிகிதத்திலிருந்து 1.6 ஆக இறங்கியது. நிறைமாதத்தில் வரும் வகை குறையவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தயவுசெய்து யாரும் கட்டுரையைப் படித்துவிட்டுத் தானாக மாத்திரை வாங்கக் கூடாது. யாருக்குத் தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்ய வேண்டும்.

இரண்டாவது ரத்தப் பரிசோதனை. எஸ்.எஃப்.எல்.டி.-1 நோய் வெளிப்படுவதற்கு ஏறத்தாழ ஐந்து வாரம் முன்பே ஏறத் தொடங்குகிறது என்று 2004-இல் தெரிந்தது. அதற்கும் நஞ்சுக்கொடி வளர்ச்சிப் புரதத்துக்கும் உள்ள விகிதம் 38-க்கு மேல் போகாவிட்டால் அடுத்த ஒரு வாரத்துக்கு நோய் வராது என்று 99 சதவிகிதத்துக்கு மேல் உறுதியாகச் சொல்லலாம் என 2016 ஆய்வு காட்டியது. ஆனால் வந்துவிட்ட நோயைத் தீர்க்க இன்னும் ஒரே வழிதான், நஞ்சுக்கொடியை வெளியே எடுப்பது. மொரிசோ காலத்திலிருந்து அது மட்டும் மாறவில்லை.

இன்றைய மாணவத் தம்பி தங்கைகளுக்கு மூத்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். கிர் பற்றியும் தூண்டில் புரதம் பற்றியும் தேர்வில் எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். வார்டுக்குப் போனால் பட்டையைச் சரியாகக் கட்டுங்கள். தடித்த கைக்குப் பெரிய பட்டை வேண்டும். கர்ப்பிணியை உட்காரவைத்து, கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்துவிட்டு அளவெடுங்கள். "தலை வலிக்குது டாக்டர், கண்ணு மங்கலா தெரியுது" என்று ஒரு பெண் சொன்னால், தூக்கம் போதவில்லை என்று சொல்லி அனுப்பிவிடாதீர்கள். பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகும், ஆறு வாரம் வரை இந்த நோய் வரலாம் என்பதைக் குடும்பத்தாருக்குச் சொல்லி அனுப்புங்கள்.

நம் சங்கத்தின் சகோதரிகளுக்கும், சகோதரர்களின் இல்லத்தரசிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களில் யாருக்காவது முன்பு கர்ப்ப காலத்தில் இந்த நோய் வந்திருந்தால், பிள்ளை பிறந்ததோடு கணக்கு முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். பிற்காலத்தில் இதய நோய் வரும் வாய்ப்பு அவர்களுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. உங்கள் மருத்துவரிடம் அந்தப் பழைய விஷயத்தை மறக்காமல் சொல்லுங்கள். வருஷத்துக்கு ஒரு தடவையாவது அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள். இந்தச் சந்திப்புக்கு வந்திருக்கும் நண்பர்களில் பாதிப் பேர் மருத்துவர்கள்தான், யாரைக் கேட்டாலும் பார்த்துவிடுவார்கள். கூச்சப்பட வேண்டாம்.